செபமாலையின் தாயார் எந்த நாட்டில் வசிக்கிறார்?

பிள்ளைகளே,

போன கிழமை, எங்கள் கந்தோரில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு வந்து, விசா கிடைக்க வைக்கிற வித்தையைச் சொல்லித் தாங்கோ அன்ரி என்று கேட்டீர்கள். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய் நின்று சிரித்தேன். அப்படி ஒரு வித்தை தெரிந்த மனுசி இருபது வருடத்துக்கு மேலாக, மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், விசா விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிற, மழைக்கு ஒழுகுகிற ஒரு கந்தோரில், கால் ஆடுகிற கதிரையில் இருந்திருப்பாளா? விசா எப்படிக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. எப்படிக் கிடைக்காமல் போகும் என்பது நன்றாகத் தெரியும். அதில் பாதி என் சொந்தக் கைவேலை.

அன்றைக்கு வாயால் சொல்லத் தொடங்கியிருந்தால் கதை எங்கேயோ போய் மீன் விலையில் முடிந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். படிவத்தை எப்படி நிரப்புவது, படம் எந்த அளவில் இருக்க வேண்டும், எந்தப் பக்கத்தில் முத்திரை குத்த வேண்டும் என்பதெல்லாம் இதில் வராது. அதை உங்கள் கொம்பியூட்டர் என்னைவிட நன்றாகச் சொல்லும், என்னைப் போல் ஏசாமலும் சொல்லும்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் ஆறு மாதம், எட்டு மாதம் சம்பளத்துக்கு வேலை செய்துவிட்டு வருகிற விசாவுக்கு எத்தனையோ கேள்விகள் கேட்பார்கள். காணி உறுதி கேட்பார்கள், கலியாணச் சான்றிதழ் கேட்பார்கள், கிராம சேவகரின் கடிதம் கேட்பார்கள். கேட்பது எல்லாம் ஒரே கேள்விதான். இந்த மனுசன் திரும்பி வருவானா? நாம் கட்டிக் கொடுக்கிற அத்தனை கடதாசியும் அந்த ஒரு கேள்விக்கு ஓம் என்று சொல்ல வேண்டும். இது எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்திருந்தும் செபமாலையின் அலுவலைக் குழப்பினேன்.

நான் அடம்பன் பக்கத்து வயல்காரி என்பது உங்களுக்குத் தெரியும். மன்னார்த் தீவுக்குக் கலியாணம் கட்டி வந்தபோது எனக்குக் கடல் என்றால் பாலத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் தெரிகிற தண்ணீர், அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் பேசாலையில் இருந்து ஒருவர் வந்தார். என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "தொழில்தான்" என்றார். அதுதான், என்ன தொழில்? "தொழிலுக்குப் போறனான்." கேட்டுக் களைத்துப்போய், சரி, சொந்தமாக ஏதோ தொழில் நடத்துகிறார் போல என்று ஆங்கிலத்தில் வியாபாரம் என்று எழுதிவிட்டேன். தூதரகத்தில் இருந்து கம்பனியின் பதிவுச் சான்றிதழும் மூன்று வருடக் கணக்கறிக்கையும் கேட்டுக் கடிதம் வந்தது. மனுசன் நண்டு வலை போடுகிறவர். கரையில் தொழில் என்றால் கடற்றொழில் மட்டும்தான், மற்றதெல்லாம் வெறும் வேலை என்று அன்றைக்குத்தான் படித்தேன். எங்கள் முதலாளி ஒரு கிழமைக்கு என்னைக் கணக்கறிக்கை என்றே கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு கரைப் பேச்சு முழுக்க எனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்பு உச்சியில் இருந்த காலத்தில்தான் செபமாலை வந்தார்.

நாற்பது வயது தாண்டிய, உயரமான, அதிகம் பேசாத மனுசன். பக்கத்தில் மனைவி றீற்றா, அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவ. செபமாலையின் படகில் இருந்த எஞ்சின் நடுக்கடலில் ஆணி கழன்று தண்ணீருக்குள் போய்விட்டது. எஞ்சின் இல்லாத படகு கரையில் கவிழ்ந்து கிடக்க, இவர் இன்னொருவரின் படகில் ஆளாகப் போய்க்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஒரு குளிர் நாட்டில், கடலுக்குள் கூடு கட்டி மீன் வளர்க்கிற கம்பனி ஒன்றுக்கு, கிழிந்த வலை பொத்துகிறவர்கள் ஆறு மாதத்துக்குத் தேவைப்பட்டார்கள். அங்கே இருக்கிற றீற்றாவின் ஒன்றுவிட்ட அண்ணன், செபமாலை பொத்திய வலையைப் படம் எடுத்து முதலாளிக்குக் காட்டியிருக்கிறார். கடிதம் வந்துவிட்டது. சித்திரையில் வேலை தொடங்கும், அதற்குள் விசா எடுத்து வராவிட்டால் இடம் வேறு ஆளுக்கு.

"ஆறு மாசம் மிஸ்" என்றா றீற்றா. "ஒரு எஞ்சின் வாங்கக் காணும். பிறகு இந்த மனுசன் அங்க நிக்கச் சொன்னாலும் நிக்காது. ரெண்டு நாள் என்ர தாய் வீட்டில நிண்டாலே முகம் கறுத்துப் போயிடும்."

அப்படி ஒரு ஆளுக்கு விசா எடுப்பது சுகம் என்று நினைத்தேன். வீட்டு உறுதி இருந்தது. மூன்று பெண்பிள்ளைகள் இருந்தார்கள். கவிழ்ந்து கிடந்த படகைக்கூடப் படம் எடுத்து வைத்தோம். படிவத்தில் தாய், தகப்பன் விபரம் கேட்ட இடத்தில் இருவரும் காலமானவர்கள் என்று எழுதினேன். தாயின் இறப்புச் சான்றிதழ் கையில் இருந்தது, அதையும் சேர்த்தேன். கேட்காத கடதாசியையும் சேர்ப்பது அந்த நாளில் என் பெருமை. தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

பிறகு நேர்முகத்துக்கு ஒத்திகை. நான் மேசைக்கு இந்தப் பக்கம் தூதரக அதிகாரி மாதிரி முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். சம்பளம், வேலை, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நல்ல பதில் சொன்னார். கடைசியாக, ஆறு மாதம் முடியத் திரும்பி வருவீர்களா என்று கேட்டேன்.

செபமாலை நிலத்தைப் பார்த்தார். றீற்றா கூரையைப் பார்த்தா.

"ஓம் எண்டு சொல்லுங்கோ. கட்டாயம் திரும்பி வருவன் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"அதை அப்பிடிச் சொல்லக்கூடாது மிஸ்."

கடலுக்குப் போகிற வீட்டில் எப்போது வருவாய் என்று யாரும் கேட்பதில்லையாம். போகிறவரும் போட்டு வாறன் என்பாரே தவிர, கட்டாயம் வருவேன் என்று வாய் திறந்து சொல்ல மாட்டாராம். மாதா விட்டால் வருவன் என்று சொல்லட்டுமா என்று கேட்டார். விட்டால், பார்த்தால், முடிந்தால் என்று எந்த நிபந்தனையும் வரவே கூடாது, அதிகாரிக்கு ஆல் என்று முடிகிற சொல்லே ஆகாது என்று பிரசங்கம் வைத்தேன். சிலாவத்துறை முஸ்லிம் ஆட்கள் இன்ஷா அல்லாஹ் என்று சொன்னால் அது என்னவென்று உலகத்தில் எந்தக் கந்தோருக்கும் தெரியும். எங்கள் கரையின் மாதாவுக்கு அந்தப் பேர் இன்னும் வாய்க்கவில்லை என்றும் சொன்னேன். மனுசன் வாயைத் திறக்கிறார், கட்டா என்கிறார், அதோடு நிற்கிறது.

அந்த நேரம் கந்தோர் வாசலில் ஒரு கழுதை வந்து நின்றது. உங்களுக்குத் தெரியும், வாசலில் எப்போதும் ஒன்றாவது நிற்கும். இது இடது காது கிழிந்த கழுதை, தினமும் பதினொரு மணிக்கு வந்து, நான் வீசுகிற வாழைப்பழத் தோலைத் தின்றுவிட்டுப் போகும். கோபத்தில் நான், எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தால் அதற்குச் சொல்லிப் பழகுங்கள் என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன். செபமாலை எழுந்து போய், கழுதையின் முன்னால் நின்று, சேட்டுக் கையை இழுத்துவிட்டு, தெளிவாகச் சொன்னார்.

"ஆறு மாசம் முடியக் கட்டாயம் திரும்பி வருவன்."

கழுதை அவரை நன்றாகப் பார்த்தது. பிறகு தோலைத் தின்றது. மனுசருக்குச் சொல்லக்கூடாது, இதுக்குச் சொன்னால் குற்றமில்லை, இது ஒருத்தருக்கும் சொல்லாது என்றார் செபமாலை. மூன்று தரம் சொல்ல வைத்தேன். சரி, வாய் திரும்பிவிட்டது, கொழும்பிலும் அந்த அதிகாரியைக் கழுதை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இது என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆக மோசமான ஆலோசனை.

கொழும்பால் திரும்பி வந்தபோது செபமாலையின் முகம் மலர்ந்து இருந்தது. நன்றாகக் கதைத்தார்களா என்று கேட்டேன்.

"நல்ல மனுசன் மிஸ். சரியான பக்தி உள்ள ஆள்" என்றார்.

விசா அதிகாரிக்கு என்ன பக்தி என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். முன்னால் நான்கு பேர் நின்றார்கள், போட்டோக்கொப்பி இயந்திரம் கடதாசியைக் கடித்துக்கொண்டு நின்றது, நான் கேட்கவில்லை. பிள்ளைகளே, ஒருவர் உங்களுக்கு விளங்காத ஒன்றைச் சந்தோசமாகச் சொன்னால், இயந்திரம் எரிந்தாலும் பரவாயில்லை, அது என்னவென்று கேளுங்கள்.

எட்டாம் நாள் மின்னஞ்சல் வந்தது. ஆங்கிலத்தில், மரியாதையாக, குளிர்ந்துபோய் இருந்தது. விண்ணப்பதாரரின் தாய் காலமானவர் என்று படிவம் சொல்கிறது, இறப்புச் சான்றிதழும் இணைக்கப்பட்டுள்ளது. ஆனால் அந்தத் தாயைக் கடைசியாகப் போன ஆவணி மாதம் சந்தித்ததாக விண்ணப்பதாரர் நேர்முகத்தில் கூறினார். தாய் எங்கள் நாட்டிலும் இருப்பதாகக் கூறினார். தான் திரும்பி வருவது அவரின் அனுமதியைப் பொறுத்தது என்றும் கூறினார். ஐந்து வேலை நாட்களுக்குள், உரிய ஆவணங்களுடன் விளக்கம் தரவும்.

பொய்யான இறப்புச் சான்றிதழ் என்று முடிவானால் இந்த விசா மட்டுமல்ல, இனி எந்த விசாவும் இல்லை. உடனே இருவரையும் கூப்பிட்டேன். அவர்கள் பஸ் இறங்கி வந்து கதிரையில் இருக்க முதலே, அம்மாவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

செபமாலை நெற்றியில் சிலுவை போட்டார். றீற்றாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மாமியைக் குளிப்பாட்டிப் பெட்டியில வைச்சது நான் மிஸ். அவ எழும்பி வெளிநாடு போயிருந்தா எனக்கெல்லோ முதல் சொல்லியிருப்பா."

நான் விடவில்லை. தகப்பனுக்கு இன்னொரு குடும்பம் இருந்ததா, சின்னம்மா யாரும் அங்கே இருக்கிறாவா, அவவை அம்மா என்று கூப்பிடுகிற பழக்கமா என்று அந்தக் குடும்பத்தின் மானத்தைக் கால் மணி நேரம் சந்தி சிரிக்க வைத்தேன். மின்னஞ்சலை ஆங்கிலத்தில் படித்ததால் எனக்கு அம்மாவைத் தவிர வேறு யாரும் தெரியவில்லை. கடைசியில் களைத்துப்போய், அங்கே என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள், சொல்லுக்குச் சொல் அப்படியே சொல்லுங்கள் என்றேன். முதல் நிமிடத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

கடைசிக் கேள்வி வந்ததாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியைக் கழுதை என்று நினைக்கப் பார்த்தாராம். முடியவில்லை, நல்ல முகமாக இருந்ததாம். நான் சொல்லிக் கொடுத்ததையும் விடக்கூடாது, கடல் வழக்கத்தையும் மீறக்கூடாது என்று இரண்டையும் சேர்த்து, மாதா விட்டால் கட்டாயம் வருவன் என்று சொல்லியிருக்கிறார். மொழிபெயர்க்கிற பிள்ளை காலையில் இருந்து தாய், தகப்பன், பெண்சாதி என்றே கேட்டுக்கொண்டிருந்தவ. கொழும்பில் மாதா கோயில் இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்த நேரம் அவவின் காதில் மாதா, பள்ளிக்கூடத்தில் மாதா பிதா என்று படித்த மாதாவாக விழுந்திருக்கிறது. அவ அதிகாரிக்குத் தாய் என்று சொல்ல, அதிகாரி படிவத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

"மாதாவைக் கடைசியா எப்ப கண்டனீங்கள் எண்டு கேட்டவை. போன ஆவணித் திருநாளுக்கு எண்டு சொன்னன்."

"பிறகு?"

"எங்களிட நாட்டிலயும் இருக்கிறாவோ எண்டு கேட்டவை. ஓம், அங்கையும் இருக்கிறா எண்டு சொன்னன். இல்லை எண்டு சொல்லலாமே மிஸ்?"

"அதிகாரி என்ன செய்தவர்?"

"அதை வடிவா எழுதிக்கொண்டவர். அதுதான் பக்தியான ஆள் எண்டு நினைச்சனான்."

நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். நிமிர்ந்தபோது செபமாலை சிரிக்கவில்லை. அவருக்கு விசயம் அப்போதுதான் விளங்கியிருந்தது. எஞ்சின் போச்சு என்று மெல்லச் சொன்னார். அதோடு என் சிரிப்பும் போனது.

உரிய ஆவணம் கேட்டிருக்கிறார்களே என்று மூவரும் மாதா கோயில் பங்குச் சுவாமியாரிடம் போனோம். செபமாலை குறிப்பிட்டது தேவமாதாவை என்று உறுதிப்படுத்தி ஒரு கடிதம் தாருங்கள், அவர் அந்த நாட்டில் வசிக்கவில்லை என்றும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள் என்று நான் கேட்டேன். அந்த வரிதான் எனக்கு முக்கியம். சுவாமியார் பேனையை எடுத்து, முதல் பாதியை எழுதி, நிறுத்திவிட்டார்.

"பிள்ளை, அவ அங்க இல்லை எண்டு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

நிரந்தரமாக வசிக்கவில்லை என்று எழுதலாமே என்றேன். அவர் யோசித்தார். அதுவும் சரிவராது என்றார். வருகிற போகிற ஆளில்லை அவ என்றார். குடியுரிமை இல்லை என்று எழுதுவோமா என்று றீற்றா கேட்டா. சுவாமியார் அதற்கும் கொஞ்ச நேரம் யோசித்ததுதான் எனக்குப் பிடித்தது. கடைசியில், செபமாலை சொன்னது தேவமாதாவைத்தான், அவரின் இருப்பிடம் பற்றிக் கருத்துச் சொல்ல இந்தப் பங்குக்கு அதிகாரம் இல்லை என்று எழுதி முத்திரை குத்தித் தந்தார்.

அந்தக் கடிதத்தோடு ஐந்தாம் நாள் கந்தோரில் இருந்தோம். பின்னேரம் நான்கு மணிக்குள் விளக்கம் போக வேண்டும். எங்கள் முதலாளி நல்ல மனுசன், ஆனால் அவசரக்காரர். நான் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, இது நேர்ச்சை எழுதுகிற கந்தோர் இல்லை என்றார். அவரே நான்கு வரி அடித்தார். மொழிபெயர்ப்பாளரின் தவறு. விண்ணப்பதாரரின் தாய் காலமானவர். விண்ணப்பதாரர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாதம் முடியக் கட்டாயம் திரும்பி வருவார். கீழே செபமாலை கையெழுத்து வைக்க வேண்டும், முடிந்தது.

செபமாலை பேனையை எடுத்தார். நான் தமிழில் வாசித்துக் காட்டியதைக் கேட்டார். பேனையை வைத்தார்.

நேரம் மூன்று மணி தாண்டிவிட்டது. முதலாளி மணிக்கூட்டைக் காட்டினார். ஒரு சொல்லுக்காக எஞ்சினை விடப் போகிறீர்களா, கழுதைக்கு மூன்று தரம் சொன்னீர்களே என்று நான் கத்தினேன். உண்மையாகவே கத்தினேன், வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். றீற்றா என் கையைப் பிடித்தா. செபமாலை மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அப்பாவும் இந்தச் சொல்லு சொல்லுறேல்லை மிஸ். எனக்கு ஏழு வயசு. தங்கச்சிக்கு அண்டைக்குக் காய்ச்சல். அம்மா அழுதா. அம்மாவைத் தேத்துறதுக்காண்டி, கட்டாயம் பின்னேரம் வந்திடுவன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

தகப்பன், காலமானவர் என்று என் கையாலே எழுதியிருந்தேன். எழுதும்போது, எப்படிக் காலமானார் என்று நான் கேட்கவே இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. முதலாளி அடித்த கடதாசியை எடுத்துக் கிழித்துப் போட்டேன். அவர் எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டார்.

இருபத்தைந்து நிமிடத்தில் புதிதாக எழுதினேன். இவர் சொன்ன மாதா இவரைப் பெற்ற தாய் அல்ல. பெற்றவர் இறந்தது உண்மை, சான்றிதழும் உண்மை. இவர் சொன்னது தேவமாதாவை. இருவரும் கடைசியாகச் சந்தித்தது மடு மாதா கோயில் திருநாளில், படம் இணைக்கப்பட்டுள்ளது. உங்கள் நாட்டிலும் அவர் இருக்கிறார் என்று இவர் நம்புகிறார், எங்கள் சுவாமியாரும் அதை மறுக்க மறுத்துவிட்டார். கடலுக்குப் போகிற இந்த மக்கள் கட்டாயம் வருவேன் என்று சொல்வதில்லை. அப்படிச் சொல்லிவிட்டுப் போன இவரின் தகப்பன் வரவில்லை. ஆகையால் மாதா விட்டால் என்று இவர் சொன்னது நிபந்தனை அல்ல, இவரிடம் இருக்கிற ஆகப் பெரிய வாக்கு. அதை உங்களுக்குத் தந்திருக்கிறார்.

தமிழில் வாசித்துக் காட்டினேன். செபமாலை கையெழுத்து வைத்தார். றீற்றாவின் கைத்தொலைபேசியில் இருந்த திருநாள் படத்தைச் சேர்த்தோம். படத்தில் சொரூபத்துக்கு முன்னால் செபமாலை விறைத்துப்போய் நிற்க, பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளையின் ஐஸ்கிறீமும் பாதி உள்ளே விழுந்திருந்தது. வெட்டி எடுக்க நேரம் இல்லை, ஐஸ்கிறீமோடே போனது. நான்கு மணிக்கு நான்கு நிமிடம் இருந்தது.

அடுத்த ஒன்பது நாளும் முதலாளி என்னோடு சரியாகப் பேசவில்லை. பத்தாம் நாள் கந்தோர் போன் அடித்தது. கொழும்பில் இருந்து அந்த மொழிபெயர்க்கிற பிள்ளை. கடவுச்சீட்டை வந்து எடுக்கச் சொல்லுங்கோ, விசா குத்தியாச்சு என்றா. அவவின் குரலில் சிரிப்பு இருந்தது. அதிகாரி ஒரு செய்தியும் சொல்லச் சொன்னாராம்.

"ஆறு மாசத்துக்கு மேல அவரை அங்க நிக்க விட வேண்டாமெண்டு மாதாவிட்டச் சொல்லட்டாம்."

நான் அதை அப்படியே செபமாலையிடம் சொன்னேன். அவர் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. சொல்லுறன் என்றார்.

சித்திரையில் புறப்பட்டுப் போகிற அன்று கந்தோருக்கு வந்தார். ஒன்றுவிட்ட அண்ணன் அனுப்பிய குளிர்ச் சட்டை ஒன்றை மன்னார் வெயிலில் போட்டுக்கொண்டு, வியர்வையில் தெப்பமாக நின்றார். பெட்டியில் வைத்தால் பாரம் கூடிவிடுமாம். போட்டு வாறன் மிஸ் என்றார். எப்போது வருவீர்கள் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். சரி, போட்டு வாங்கோ என்றேன்.

அந்த வருட ஆவணித் திருநாளுக்கு றீற்றா பிள்ளைகளோடு தனியாக மடுவுக்குப் போனா. நான் சைவக்காரி, அதற்கு முன் ஊரோடு ஒத்துப் போய் வந்ததோடு சரி. அந்த முறை தனியாகப் போய், கொஞ்சம் நின்று, அதிகாரியின் செய்தியை நானும் ஒரு தரம் சொல்லிவிட்டு வந்தேன். விசா முடிகிற தேதியைக் கந்தோர் நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். ஆயிரம் பேருக்கு விசா எழுதியவளுக்கு ஒரு தேதியைப் பார்க்கப் பயமாக இருந்தது இதுதான் முதல் தடவை. அவர் வராமல் விட்டால் பொய்யாகப் போவது அவரின் சொல் மட்டுமல்ல, என் கடிதமும்தான். சரி, கடிதம் கிடக்கட்டும், மனுசன் வர வேண்டும் என்றுதான் கடைசிக் கிழமைகளில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேதிக்கு நான்கு நாள் இருந்தது. காலை பதினொரு மணி இருக்கும். வாசலில் யாரோ பேசுகிற சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். அதே குளிர்ச் சட்டை. பஸ் நிலையத்தில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், பெட்டியோடு நின்றார் செபமாலை. என்னைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற கழுதைக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"நான் சொன்ன மாதிரி வந்திட்டன்" என்றார் அதனிடம்.

நான் எழுந்த வேகத்தில் கால் ஆடுகிற கதிரை விழுந்தது. முதலில் என்னிடம் அல்லவா வந்து சொல்ல வேண்டும், கழுதைக்கா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"உங்களுக்கு நான் கட்டாயம் எண்டு சொல்லேல்லையே மிஸ். இதுக்குத்தானே சொன்னனான்" என்றார்.

அவரின் படகில் இன்றைக்கும் அந்த எஞ்சின்தான் ஓடுகிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். கந்தோருக்கு நண்டு கொண்டுவருகிற உயரமான மனுசன் அவர்தான். அவர் நண்டோடு வருகிற நாட்களில் வாசலில் நிற்கிற கழுதையை விரட்டாதீர்கள். அதன் காதைப் பற்றியும் வாய் திறக்காதீர்கள். அவர் திரும்பி வந்த அன்றைக்குப் பதினொரு மணிக்கு நின்ற கழுதைக்கு இரண்டு காதும் முழுசாக இருந்தது. அது வேறு கழுதை என்று நான் இன்றுவரை அவருக்குச் சொல்லவில்லை.